மழைக்காலத்தில் முத்திரை குத்திய வாழ்த்து அட்டைகள்
பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை ரப்பர் முத்திரையால் படம் குத்திக் கையால் செய்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய இடையூறு. ஈரக்காற்றில் பிக்மென்ட் மை (கரையாத நிறத்துகள்கள் கலந்த மை) எளிதில் உலராது, வழவழப்பான தாளில் விரல் பட்டதும் இழுகிவிடும். ஆகவே பூச்சில்லாத 250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள) அட்டையில், விரைவில் உலரும் சாய மையைப் பயன்படுத்துவது நல்லது.

தரையில் விரித்த பாயின்மேல் வைத்து அச்சிட்டால், அது பத்தமடைப் பாயே ஆனாலும், கோரையின் வரி படத்தின் நடுவே வெள்ளைக் கீறலாக விழக்கூடும் என்பதால், மேசைமேல் நான்கைந்து செய்தித்தாள்களை மடித்துப் போட்டு, அதன்மேல் அட்டையை வைத்து, ரப்பர் முத்திரையை நேராக அழுத்தி, அசைக்காமல் நேராகவே தூக்க வேண்டும். மைப்பஞ்சில் முத்திரையைத் தேய்க்காமல் மெல்லத் தட்டினால் போதும்.

முதலில் அச்சு, பிறகே வெட்டு: படத்தின் வடிவில் தாளை வெட்டும் ‘டை’ எனும் உலோக அச்சைப் படத்தின் ஓரத்தோடு பொருத்தி, நழுவாதபடி ஒட்டுநாடாவால் பிடித்துக்கொண்டு வெட்டுவதே என் வழக்கம்.