வர்சான் ஷிரேயை எஸ்டேட் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளரும் ப்ளஸ் டூ பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து ஆப்பிரிக்கக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசணும், யாரை எடுக்கலாம் என்று கேட்டால் நான் வர்சான் ஷிரேயைத்தான் சொல்வேன். மூன்று தடவை பேசியிருக்கிறேன். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பரிசுகளில் ஆரம்பிக்காதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் பொது அறிவுக் கேள்விக்குப் பதில் குறிப்பது மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டார்கள், ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

"உனக்கு எந்த ஊர்?" என்பதில் ஆரம்பியுங்கள். நம் மலையில் அது லேசான கேள்வி இல்லை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு அரசுகள் பேசி முடித்தன, அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க நீலகிரிக்கு ஏறினார்கள், இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்தும் 'சிலோன்காரங்க' என்ற பேரோடுதான் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு ஓடும்போதே சொல்லுங்கள்: வர்சான் ஷிரே பிறந்தது 1988இல், கென்யாவில். அப்பா அம்மா சோமாலியர்கள். ஒரு வயதில் லண்டனுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். 1991இல் சோமாலியாவில் ஆட்சி கவிழ்ந்து நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. அப்படியானால் இவருக்கு எந்த ஊர்? நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். பேரின் அர்த்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுங்கள், சோமாலி மொழியில் வர்சான் என்றால் நல்ல சேதி.

முந்தின வாரமே பிள்ளைகளிடம், வீட்டில் அக்கரையிலிருந்து, இலங்கையிலிருந்து, வந்த பொருள் ஏதாவது இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். எங்களிடம் ஒரு பிள்ளை தகரப்பெட்டி ஒன்றைப் பாட்டியோடு சேர்த்தே கூட்டிவந்தது. மேலே வெள்ளைப் பெயின்ட்டில் 'போகவந்தலாவை' என்று இலங்கை மலையக ஊரின் பேரை எழுதியதில் முதல் மூன்று எழுத்துதான் மிச்சம், சாவி தொலைந்து நைலான் கயிறு கட்டியிருந்தது, மூடிக்கு உள்பக்கம் ஒட்டிய முருகன் படத்தில் வேல் மட்டும் தெரிந்தது. "வரணும்னு யாரு கண்ணு வந்தா" என்றார் பாட்டி. அதற்கு அப்புறம் ஷிரேயின் 'ஹோம்' கவிதையைப் படித்தோம்.

படிக்கும் முன்னால் அந்தக் கவிதை வந்த கதையைச் சொல்வது அவசியம். 2009இல் ரோம் நகரில் கைவிடப்பட்ட சோமாலியத் தூதரகக் கட்டடத்தில் அகதிகள் தங்கியிருந்ததை ஷிரே போய்ப் பார்த்தார். அதற்கு முந்தின இரவுதான் ஒரு இளைஞன் அதன் மாடியிலிருந்து குதித்து இறந்திருந்தான். அங்கே கேட்டதை வைத்து எழுதியதுதான் பின்னால் வளர்ந்து 'ஹோம்' ஆனது. 2015இல் அகதிகள் ஐரோப்பாவுக்குத் திரண்டபோது அதன் வரிகள் உலகம் முழுக்கச் சுற்றின. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பிரதி ஒன்றுக்கொன்று வேறுபடும், அவரே திருத்தியும் எழுதியிருக்கிறார், அதனால் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டே ஜெராக்ஸ் எடுங்கள். இன்னொன்று, இவருடைய கவிதைகளில் பெண் உடல் மீதான வன்முறை நேராகவே வரும். எல்லாவற்றையும் முதலில் நீங்கள் தனியாகப் படித்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கூட்டத்தில் இருந்தால் சிலதை விட்டுவிடுவதுதான் சரி.

மொழிபெயர்ப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள். 'ஹோம்' என்ற ஒரே சொல்லுக்கு எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. வீடா, ஊரா, தாயகமா? சர்க்கார் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்' என்று போட்டிருக்கிறது, பாட்டியோ "பொறந்தது அங்க, அப்ப திரும்புனது எங்க?" என்று கேட்டுவிட்டார். கடைசியில் பிள்ளைகள் சில வரியில் வீடு என்றும் சில வரியில் ஊர் என்றும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நேரம் இருந்தால் ஓசைக்கு வாருங்கள். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து வந்ததே 1972இல்தான், அதுவரை கவிதை வாயிலும் மனப்பாடத்திலும்தான் வாழ்ந்தது. அவர்களுடைய கபய் என்ற பா வகையில் நம் மோனை மாதிரியே உண்டு, ஆனால் ஒரே ஓசையைக் கவிதை முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். ஷிரே எழுதுவது ஆங்கிலத்தில், அதில் இந்த இலக்கணத்தைத் தேட வேண்டாம். அவருக்குப் பின்னால் இருக்கும் மரபு எது என்று தெரிந்தால் போதும். 'க'வை மட்டும் பிடித்து நான்கு வரி எழுதச் சொன்னேன். கொழுந்து, கூடை, குளிர், காட்டுமாடு, கங்காணி என்று வந்து கொட்டியது.

இப்போது யாராவது கேட்பார்கள், "அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?" பரிசுகளுக்கு இதுதான் நேரம். 2011இல் முதல் சிறுநூல். 2013இல் ஆப்பிரிக்கக் கவிதைக்கான பிரூனல் பரிசின் முதல் வெற்றியாளர், அதே வருஷம் லண்டனின் முதல் இளம் அரசவைக் கவிஞர், வயது 25. 2016இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'லெமனேட்' படத்தில் இவர் கவிதைகள். முதல் முழுத் தொகுப்பு வந்தது 2022இல்தான். அந்தப் பதினொரு வருஷத்தை அழுத்திச் சொல்லுங்கள், நம் பிள்ளைகளில் எழுதுகிறவர்கள் ரொம்ப அவசரப்படுகிறார்கள்.

நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். பனி இறங்கினால் லயத்துக்குப் போகும் பாதையில் காட்டுமாடு நிற்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாட்டியும் நடக்க வேண்டும்.