பட்டறை மெசினில் கறள்: பாதுகாப்பு என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

கூரை ஒழுகாத பட்டறையிலும் இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெசின் கறள் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பில் கறள் வேகமெடுக்கத் தொடங்கிவிடும். கொழும்பிலோ பெரும்பாலும் அதற்கு மேலேதான். வெள்ளவத்தை, முகத்துவாரம் போன்ற கடலோரப் பக்கங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்புப் படிந்த இரும்புக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை.

இதற்குப் பயந்து மெசினைப் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி வைக்கிறார்களே, அதுதான் பெரிய தவறு. காற்று 30 பாகையிலும் ஈரப்பதம் 80 சதவீதத்திலும் இருந்தால், சுமார் 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவில் குளிர்ந்த கனத்த வார்ப்பிரும்பு காலையில் சட்டென்று சூடாகாது. கதவைத் திறந்ததும் வெளிக்காற்று அதில் பட்டு வியர்க்கும். பொலித்தீனுக்குள் சேரும் அந்த நீரும், சீமெந்துத் தரையிலிருந்து ஏறும் ஈரமும் வெளியேற வழியில்லை. எண்ணெய் பூசிவிட்டு, தூசிக்காக மட்டும் காற்றுப் புகும் துணியைப் போடுங்கள். ஏசி அறையில் வைத்த கருவிகளை வெளியே எடுத்தாலும் இதே கதைதான். எடுத்தவுடன் துடைக்க வேண்டும்.

அளவுக் கருவிகள் இருக்கும் அலுமாரியில் பழைய குண்டு மின்குமிழ் ஒன்றை எரியவிடும் வழக்கம் நல்லதுதான். உள்ளே வெளியைவிடச் சில பாகை சூடாக இருந்தால் நீர் படியாது. துணி, எண்ணெய், கடதாசி எதுவும் குமிழில் படக்கூடாது. எல்ஈடி போட்டால் வெளிச்சம் மட்டும்தான் வரும்!

அடுத்தது எண்ணெய். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது. மாதக்கணக்கில் காக்கும் என்று நம்பாதீர்கள். கழிவு எஞ்சின் ஒயில் பூசுவது அதைவிட மோசம். அதில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் இருக்கின்றன, தோலுக்கும் கேடு. தினமும் ஓடும் மெசினுக்கு, அதன் சறுக்குப் பரப்புகளுக்கென்றே உள்ள ஸ்லைட்வே ஒயில், நீண்ட நாள் நிற்கப்போவதற்குக் கிறீஸ். மரவேலை மெசின் மேசையில் எண்ணெய் பூசினால் பலகையில் கறை படியும். அங்கே சிலிக்கோன் இல்லாத மெழுகு தேவை. மரத்தூளையும் அன்றன்றே கூட்டிவிட வேண்டும், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கறள் போக்க வாங்கிய ஐதரோகுளோரிக் அமிலப் போத்தலை மெசின்கள் இருக்கும் அறையிலேயே வைக்கிறார்கள். மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் அதன் ஆவி சுற்றியுள்ள இரும்பையெல்லாம் அரிக்கும். அதை வெளியே வையுங்கள். லேத்தின் பாகங்கள் நகரும் அடிப்பரப்பான படுக்கையைச் சாண்ட் பேப்பரால் தேய்ப்பதும் வேண்டாம். கறளோடு சேர்ந்து அதன் துல்லியமான அளவும் போய்விடும். எண்ணெய் ஊற்றி, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் பொறுமையாகத் தேய்த்தால் மேலோட்டமான கறள் போகும்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பட்டறையைப் பல நாள் பூட்டும்போது, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போவது இன்னொரு பிழை. வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்டின் நீர் தேங்கி நிற்பது, வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் அடியிலும், லேத்தில் பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கின் அடியிலும்தான். வைஸைக் கழற்றி, டெயில்ஸ்டொக்கை நகர்த்தி, அடியைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பூசிய இடத்தை அப்புறம் வெறுங்கையால் தொட வேண்டாம், வியர்வையிலும் உப்பு இருக்கிறது.