சின்ன மேடையில் பெரிய சத்தம்: பங்க், மெட்டல், கோத் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு பேர் நின்றாலே மூச்சு முட்டும் ஓர் அறை. ஒரே இரவில் நான்கு இசைக்குழுக்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரு டிரம் செட், ஒரு சவுண்ட் இன்ஜினியர். பங்க், மெட்டல், கோத் என்ற மூன்று ராக் இசை வகைகளும் இப்படிப்பட்ட இடங்களில்தான் வளர்ந்தன. 1973-இல் நியூயார்க்கில் தொடங்கிய சிபிஜிபி, 1982-இல் லண்டனில் கோத் கூட்டம் சேர்ந்த பேட்கேவ், 1986 டிசம்பர் 31 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் திறந்து இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்திவரும் 924 கில்மன் ஸ்ட்ரீட் ஆகிய கிளப்புகளில் எதுவும் பெரிய அரங்கம் இல்லை.

பெரிய அரங்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள் இருப்பார். இங்கே மேலாளர் இல்லை, மேடைப் பணியாளர் இல்லை. ஒரு குழு விடும் தவறு அடுத்த குழுவின் தலையில்தான் விடியும். பாட்டின் நடுவே ஒரு சுரம் தவறினால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடாது. அந்த இரவைக் கெடுப்பவை பெரும்பாலும் வாசிப்புக்கு வெளியே நடப்பவைதான். நாமே நடத்திக்கொள்ளும் நிகழ்ச்சி என்றால் யாருக்கும் பொறுப்பில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை எல்லாருக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள்.

நேரத்தைத் தின்பது

முப்பது நிமிடம் கொடுத்தால் முப்பது நிமிடத்துக்குப் பாட்டுப் பட்டியல் போடுவது முதல் தவறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் ட்யூன் செய்ய வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும். எல்லாம் சேர்ந்தால் நாற்பது நிமிடம் ஆகிவிடும். முதல் மூன்று குழுக்களும் ஆளுக்குப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்தால் கடைசிக் குழுவின் கையிலிருந்து அரை மணி நேரம் போகிறது. பெரும்பாலும் அவர்கள்தான் வெளியூரிலிருந்து வேன் ஓட்டி வந்தவர்கள். பயிற்சி அறையில் கடிகாரத்தை முன்னால் வைத்து, இடைவெளிகளையும் சேர்த்து முழு செட்டையும் (மேடையில் வாசிக்கப்போகும் எல்லாப் பாட்டையும்) ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தால் அதுதான் சரியான அளவு. இன்னும் ஒரு பாட்டு கேட்க மாட்டோமா என்று கூட்டம் நினைக்கும்போது இறங்குவது நல்ல விஷயம்.

குழு மாறும் அந்தப் பதினைந்து நிமிடத்தை உன்னிப்பாகக் கவனித்தால் நேரம் எங்கே போகிறது என்று தெரியும். வாசித்து முடித்த டிரம்மர் மேடையிலேயே உட்கார்ந்து சிம்பல் ஸ்டாண்டின் ஒவ்வொரு திருகாகக் கழற்றுகிறார். கிட்டாரிஸ்ட், காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்போர்டின் கேபிள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டே கீழே நிற்கும் நண்பருடன் பேசுகிறார். அடுத்த குழு கையில் ஸ்நேர் டிரம்மைப் பிடித்தபடி ஓரமாக நிற்கிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு முதலில் மேடையைக் காலி செய்யுங்கள். சுருட்டுவது, கழற்றுவது, கட்டிப்பிடிப்பது எல்லாம் கீழே இறங்கிய அப்புறம். அடுத்து ஏறும் டிரம்மரும் தன் சிம்பல்களை மேடைக்கு வெளியிலேயே ஸ்டாண்டில் பொருத்தித் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

டிரம் செட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றையும் அவரவர் கொண்டுவருவது எங்கும் உள்ள வழக்கம். அடித்து அடித்துத் தேய்பவையும் உடைபவையும் அவைதான். இது தெரியாமல் வெறும் குச்சியோடு வந்து நிற்பதும், கேட்காமல் இன்னொருவர் சிம்பலில் அடிப்பதும் நட்பை முறிக்கும்.

நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சோதிக்கும் சவுண்ட் செக் வரிசையும் பலருக்குக் குழப்பம். கடைசியில் வாசிக்கும் குழு முதலில் சோதிக்கும், முதலில் வாசிக்கும் குழு கடைசியில் சோதிக்கும். அப்போதுதான் முதல் குழுவின் மைக்குகளும் அமைப்பும் கலையாமல் அப்படியே இருக்கும். ஐந்து மணிக்கு வரச் சொன்ன கடைசிக் குழு ஏழு மணிக்கு வந்தால், அதற்குப் பின் சோதிக்க வேண்டிய எல்லாருடைய சவுண்ட் செக்கும் போச்சு.

ஆம்ப்பைக் கூட்டிக்கொண்டே போவது

சத்தம் இந்த இசையின் உயிர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சின்ன அறையில் சத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று புரிந்துகொள்ளாமல் ஆம்ப்பை, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவியைத் திருகினால் பாட்டே காணாமல் போய்விடும்.

பாடகரின் குரல் வருவது அறையின் ஸ்பீக்கர்களிலிருந்து மட்டும். டிரம்ஸும் கிட்டாரும் மேடையிலிருந்து நேராகவே கூட்டத்தை எட்டிவிடும். கிட்டார் ஆம்ப் அந்த ஸ்பீக்கர்களின் திறனைத் தாண்டிவிட்டால் சவுண்ட் இன்ஜினியரால் குரலை மேலே கொண்டுவரவே முடியாது. அந்த நேரத்தில் அவரை முறைத்துப் பயனில்லை. ஐம்பது வாட் ஆம்ப்புக்குப் பதில் நூறு வாட் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்பதும் தவறான கணக்கு. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும்.

பிறகு ஏன் கிட்டாரிஸ்டுக்குத் தன் சத்தம் போதவே இல்லை? ஸ்பீக்கர் பெட்டி தரையில் இருக்கிறது, அவர் அதன் முன்னால் ஓரடி தள்ளி நிற்கிறார். கூர்மையான ஒலிகள் நேர்கோட்டில் போய் அவர் முழங்காலில் மோதுகின்றன. அவர் காதுக்கு மந்தமாகக் கேட்கிறது. அதனால் டிரெபிளை, அதாவது அந்தக் கூர்மையான ஒலியைக் கூட்டுகிறார், சத்தத்தையும் கூட்டுகிறார். முன்வரிசையில் நிற்பவருக்கோ காதில் ஊசி குத்துகிறது. பெட்டியை ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். நீங்களே சத்தத்தைக் குறைப்பீர்கள்.

மெட்டல் கிட்டாரிஸ்டுகளின் செல்லத் தவறு ஒன்று உண்டு: மிட் எனும் நடுத்தர ஒலிகளை முழுக்க வெட்டிவிட்டு பேஸையும் டிரெபிளையும் உச்சத்தில் வைப்பது. தனியாக அறையில் வாசிக்கும்போது அது மலை மாதிரி நிற்கும். குழுவோடு வாசிக்கும்போது கீழ்ப்பகுதியை பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ளும், மேல்பகுதியை சிம்பல்கள் மூடிவிடும். கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதிதான், அதைத்தான் வெட்டியாகிவிட்டது. வீட்டில் வைக்கும் கெயினும் (கிட்டார் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவு) மேடைக்கு அதிகம். கொஞ்சம் குறைத்தால் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பின் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழும்.

குரலுக்கு வருவோம். அலறிப் பாடுகிறவர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். மேடையில் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு மைக், பின்பக்கத் துளைகள் வழியாக நுழையும் ஒலியை வைத்துத்தான் பின்னாலிருந்து வருவதைக் கழிக்கிறது. கையால் பொத்தினால் அந்தத் துளைகள் அடைபடும். மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலி அதற்குள் போகும், ஃபீட்பேக் ஊளையிடும். குரலும் குகைக்குள் இருந்து வருவது போல அடைபடும். பிடியை இரண்டு விரல் கீழே இறக்கினால் போதும். சொந்த மைக் கொண்டுவந்தால் அது கார்டியாய்டா, அதைவிடக் குறுகிய கோணத்தில் கேட்கும் சூப்பர்கார்டியாய்டா என்று இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் வகைக்கு மானிட்டர் நேர் பின்னால் இருக்க வேண்டும், இரண்டாவது வகைக்குச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி இருக்க வேண்டும்.

கோத் குழுக்களுக்கு இதே சிக்கல் வேறு வழியில் வரும். தாழ்ந்த, மெல்லிய குரலில் பாடும்போது மைக்கை அதிகம் திறக்க வேண்டியிருக்கும். அதன் மேல் பாடகரே சொந்தப் பெடலில் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப்பைக் கொட்டினால் ஃபீட்பேக் இரட்டிப்பாகும், வார்த்தை ஒன்றும் புரியாது. சிமென்ட் சுவர் அறையில் எதிரொலி ஏற்கெனவே இருக்கிறது. ரிவெர்ப்பை இன்ஜினியர் கையில் விட்டுவிடுவதே நல்லது.

டிரம் மெஷின் கோத் இசையின் பெருமைக்குரிய மரபு. சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவினர் தங்கள் மெஷினுக்கு டாக்டர் அவலான்ச் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பிலிருந்து டிரம்ஸ் வரவழைப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனித்தால் போதும். சின்ன இடங்களில் ஒலி பெரும்பாலும் மோனோதான், அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி. இடது வலது என்று பிரித்துக் கலந்த டிராக்கில் ஒரு பக்கத்தை மட்டும் செருகினால் பாதிப் பாட்டு காணாமல் போகும், முன்கூட்டியே மோனோவில் கேட்டுப் பாருங்கள். அப்புறம், வைஃபையையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

காதைத் தியாகம் செய்வது

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். இசை நிகழ்ச்சிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சராசரி உச்சவரம்பாக 100 டெசிபலைத்தான் சொல்கிறது. சின்ன அறையில் ஒரு மெட்டல் குழு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நான்கு குழுக்களையும் கேட்டுவிட்டு வாரம் மூன்று நாள் பயிற்சியும் செய்பவர் நிலையை யோசித்துப் பாருங்கள். உள்காதில் சாகும் உணர்செல்கள் திரும்ப முளைப்பதில்லை. இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், அதனால் இசை மந்தமாகக் கேட்காது. ரசிகர்களுக்காக, டி-ஷர்ட்டும் ஆல்பமும் விற்கும் மெர்ச் மேசையில் ஒரு டப்பா இயர்பிளக் வைத்துவிடுங்கள்.

நெருப்போடு விளையாடுவது

2015 அக்டோபர் 30. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் கொலெக்டிவ் என்ற கிளப். குட்பை டு கிராவிட்டி என்ற மெட்டல் குழு தன் புதிய ஆல்பத்தை வெளியிட்ட இலவச நிகழ்ச்சி. மேடை வாணவேடிக்கையின் பொறி ஒலி உறிஞ்சும் நுரையில் பட்டது. தூணிலிருந்து கூரைக்கு ஏறிய தீ கண்மூடித் திறப்பதற்குள் பரவியது. கூட்டம் முழுக்க ஒரே வாசலை நோக்கி நெருக்கியடித்தது. அன்றும் பிறகு மருத்துவமனைகளிலுமாக இறந்தவர்கள் 64 பேர். குழுவின் ஐந்து பேரில் பாடகர் மட்டுமே பிழைத்தார். அதற்கு முன்பே, 2003 பிப்ரவரியில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற கிளப்பில் கிட்டத்தட்ட இதே மாதிரி நடந்து 100 பேர் இறந்திருந்தார்கள். அங்கேயும் வாணவேடிக்கைதான், அங்கேயும் நுரைதான்.

உள்ளரங்கில் பொறி பறக்கும் எதுவும் வேண்டாம். மெழுகுவத்தி வரிசையும் வேண்டாம், பேட்டரி விளக்கு வைத்தாலே அந்தச் சூழல் வரும். புகை மெஷின் கொண்டுவந்தால் இடத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அலாரம் அடிக்கிறதே என்று தானாகப் போய் அதை அணைத்துவைப்பது கொலைக்குச் சமம். இன்னொன்று, எல்லா நிகழ்ச்சியிலும் நடக்கும், யாரும் தவறாகவே நினைப்பதில்லை: காலி டிரம் பெட்டிகளையும் கிட்டார் உறைகளையும் பின்கதவை அடைத்து அடுக்குவது. மேடை ஓரத்தில் இடமில்லை என்றால் அவை வேனுக்குத்தான் போக வேண்டும். வந்து இறங்கியதும் வெளியேறும் கதவுகள் எத்தனை, அவை உள்ளிருந்து திறக்கின்றனவா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

கூட்டத்தைக் கவனிக்காமல் வாசிப்பது

மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரையொருவர் இடித்து ஆடும் மாஷ் பிட்டுக்கு எழுதாத சட்டம் உண்டு. விழுந்தவரை உடனே தூக்கிவிட வேண்டும், பிட்டில் இல்லாதவரை இழுக்கக் கூடாது, யாரையும் குறிவைத்து அடிக்கக் கூடாது. பெரும்பாலான ரசிகர்களுக்கு இது தெரியும். தெரியாத ஓர் ஆள் வரும் இரவில் அதை நிறுத்தக்கூடியவர் மைக் வைத்திருப்பவர்தான். வாஷிங்டனின் ஃபுகாசி குழு, முன்வரிசையில் யாராவது மற்றவர்களை அடித்தால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அந்த ஆளை நேரடியாகக் கண்டித்தது. நிற்காவிட்டால் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது. ஒரு பெண் ரசிகரிடம் யாராவது அத்துமீறுவதைப் பார்த்தும் பாட்டை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று தொடர்வது என் பார்வையில் மன்னிக்க முடியாத தவறு. பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அவர் அடுத்த நிகழ்ச்சிக்கு வராமல் போனால் திருப்பிக் கூட்டிவர முடியாது.

நடுவில் தூண் இருக்கும் அறையில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து மோதவிடாதீர்கள். முப்பது பேர் சிதறி நிற்கும்போது மேடையிலிருந்து குதிக்காதீர்கள், ஆணி வைத்த கைப்பட்டையோடு எப்போதுமே குதிக்காதீர்கள்.

பேசாமல் விடுவது

நிகழ்ச்சி உறுதியானதும் எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் வாசிக்கலாம், எந்த ஆம்ப் யாருடையது, வாசல் வசூல் எப்படிப் பிரியும் என்று நான்கு வரி செய்தி அனுப்பி எல்லாரிடமும் சம்மதம் வாங்குங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று விடும்போதுதான் நட்பு கெடுகிறது. டிக்கெட்டுகளை முதலில் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, பிறகு விற்றுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாசிப்பவர் தலையில் நஷ்டத்தைக் கட்டும் ஏற்பாடு அது. ஒரே ஊரில் ஒரே மாதத்தில் மூன்று நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதும் வேண்டாம். அதே எண்பது பேர் மூன்றாகப் பிரிவார்கள், மூன்று இடமும் காலியாகத் தெரியும்.

தன் செட் முடிந்ததும் நண்பர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது உள்ளூர்க் குழுக்களின் மிகப் பெரிய தவறு. வெளியூர்க் குழு ஏறும்போது அறையில் பாதிப் பேர் இல்லை. கடைசிக் குழு முடிக்கும்வரை நில்லுங்கள், முன்னால் நில்லுங்கள். கணக்கு முடிக்கும்போது பயணம் செய்து வந்தவர்களின் டீசல் காசை முதலில் எடுத்து வையுங்கள், மிச்சத்தை உள்ளூர்க் குழுக்கள் பிரித்துக்கொள்ளலாம். பத்துப் பேர்தான் வந்திருந்தால் மிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட இரவிலும் அவர்களுக்குப் படுக்க ஓர் இடமும், பெட்டிகளை வேன்வரை தூக்க இரண்டு பேரும் கிடைத்தால், அடுத்த வருடம் உங்கள் குழு அவர்கள் ஊருக்குப் போகும்போது ஒரு நிகழ்ச்சி காத்திருக்கும்.