டெல்லியில் நம்ம உழைப்பாளர் சிலை: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. 1954-லிருந்து தேசிய நவீனக் கலைக்கூடம் அங்கேதான் இயங்குகிறது. அதன் புல்வெளியில், நான்கு பேர் ஒரு பெரிய பாறையை நெம்பிக்கொண்டிருக்கும் வெண்கலச் சிலையைப் பார்த்ததும் நம்ம ஊர்க்காரர்கள் பலரும், "அட, இது மெரினாவில் இருக்கிறதே!" என்று சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

இரண்டையும் வார்த்தவர் ஒருவரே, தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் அவர். 1929 முதல் 1957 வரை அங்கே இருந்தார். மெரினாவில் சிலை வைத்தது 1959 ஜனவரி 25-இல். ஆனால் மெரினாவில் நாம் அதை எப்படிப் பார்க்கிறோம்? பெரும்பாலும் ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். டெல்லியில் வண்டிகளின் இரைச்சல் இல்லாமல் நின்று நிதானமாகப் பார்க்கலாம். நானும் முதல் முறை முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்தவன்தான். இரண்டாம் முறை பின்னால் போய் நின்றபோதுதான், வளைந்த முதுகும், விம்மித் தெரியும் விலா எலும்பும், தரையை அழுத்தி நிற்கும் கால்களும் கண்ணில் பட்டன. முகத்தைவிட முதுகில்தான் அந்தப் பாறையின் கனம் தெரிகிறது. அதனால் ஒரு முழுச் சுற்று வந்துவிடுங்கள், அவசரப்படாமல்.

அப்புறம் நேரம். உச்சி வெயிலில் போனால் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்து தசையின் மேடு பள்ளமெல்லாம் மழுங்கிவிடும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அதே உடம்பு வேறு மாதிரி நிற்கும். சிலையைத் தொட்டுத் தடவுவதும் வேண்டாம். கை வியர்வையின் உப்பு வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

சிலையைப் பார்த்தாயிற்று என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். அம்ரிதா ஷேர்-கில், தாகூர், ஜாமினி ராய் ஓவியங்களெல்லாம் உள்ளே இருக்கின்றன.

கிழமையைப் பார்க்காமல் கிளம்புவது அடுத்த தவறு. இந்தக் கலைக்கூடத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை, ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் அதே நாள்தான். பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மிருகக்காட்சிசாலைக்கோ வெள்ளிக்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த இரண்டு நாளையும் விட்டுத் திட்டம் போட்டால் நல்லது. ஜனவரி கடைசியில் குடியரசு தின அணிவகுப்பு, ஒத்திகை என்று அந்தப் பக்கச் சாலைகளை அடிக்கடி மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தியா கேட்டின் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு, அதன் பின்னாலேயே இருக்கும் தேசியப் போர் நினைவிடத்துக்குப் போகாமல் வருகிறவர்கள் நிறைய பேர். 2019-இல் திறந்தது, கட்டணம் கிடையாது. அங்கே வீரதா சக்கரம் என்ற சுற்றில் போர்க் காட்சிகளைச் சொல்லும் 6 வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. பரம் வீர் சக்ரா வாங்கியவர்களின் மார்பளவுச் சிலைகளும் தனியாக உண்டு. அவற்றில் 1987-இல் இலங்கையில் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தேடிப் பாருங்கள், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பெரிய சிலையாக நினைத்துத் தேடிக்கொண்டே போனால் தாண்டிப் போய்விடுவீர்கள். சுமார் 10.5 சென்டிமீட்டர் உயரம்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அந்த இடுப்பில் வைத்த கையும், தோள் வரை அடுக்கிய வளையல்களும் 4,000 வருடத்துக்கு முந்தைய வெண்கல வார்ப்பு என்று நினைக்கும்போது நகர மனசு வராது.

இவ்வளவையும் ஒரே நாளில் அடைக்க நினைக்காதீர்கள். வரைபடத்தில் எல்லாம் ஒட்டி ஒட்டித் தெரியும், நடந்தால்தான் அந்தச் சாலைகளின் நீளம் புரியும். கலைக்கூடத்துக்குக் கான் மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். ராய் சௌத்ரியின் கைவண்ணம் பிடித்துப்போனால், இன்னொரு நாள் சர்தார் படேல் மார்க் பக்கம் போய், காந்தி முன்னால் நடக்க 10 பேர் பின்தொடரும் 'கியாரா மூர்த்தி'யையும் பாருங்கள். பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்தது அந்தச் சிலைதான்.