ஆடியில் அவரை போட்டவர்கள் புரட்டாசியில் பதற வேண்டாம்

வருஷா வருஷம் புரட்டாசி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். "கொடி பந்தல் முழுக்க ஏறிடுச்சு, இலை பச்சைப்பசேல்னு இருக்கு, ஒரு பூகூட இல்ல, என்ன உரம் போடட்டும்?" ஒன்றும் போட வேண்டாம். பந்தல் அவரை பகல் சுருங்கினால்தான் பூக்கும் செடி. சென்னையில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம்தான். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்குத் தெரியாது, அவரைக்குத் தெரியும். ஐப்பசி கடைசி, கார்த்திகை வரை அது கொடி ஓடிக்கொண்டுதான் இருக்கும், நீங்கள் என்ன ஊற்றினாலும் சரி. யூரியாவோ கடலைப் புண்ணாக்குக் கரைசலோ அள்ளி ஊற்றினால் இன்னும் இலைதான் தள்ளும், பூ இன்னும் தள்ளிப்போகும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கொடி ஓடாமல் குட்டைச் செடியாக நிற்கும் குத்து அவரை இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 'கோ' என்ற பெயரில் வெளியிட்ட குத்து ரகங்கள் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை, எந்தப் பட்டத்திலும், அதாவது எந்த விதைப்புப் பருவத்திலும், வரும், தொட்டியில் அடங்கி நிற்கும். ஆனால் ருசியில் பந்தல் அவரைப் பக்கம் வராது என்பது என் கட்சி.

சரி, விதைக்கும் வேலைக்கு வருவோம். ஆடிப்பட்டம் என்றால் ஜூலை நடுவில் இருந்து ஆகஸ்ட் நடு வரை. மாடியில் வைப்பவர்கள் சின்னப் பையில் அவரை போட்டு ஏமாறாதீர்கள், இது ஏழெட்டு மாதம் நிற்கப்போகும் கொடி, 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்தால் நிம்மதி. ஈரமண் நிரம்பிய டிரம் பெரிய கனம், அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் ஓரமாக, கீழே செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, போதும். அடியில் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அடியை ஒட்டி நாலு ஓட்டை போடுங்கள். இப்போது தேவையில்லை என்று தோன்றும், ஐப்பசி அடைமழையில் டிரம்முக்குள் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்போதுதான் அந்த ஓட்டையின் அருமை தெரியும்.

விதையை நாலைந்து மணி நேரம் ஊறப்போட்டால் போதும், ராத்திரி முழுக்க ஊறினால் தோல் கழன்று அழுகிப்போவது உண்டு. ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி ஊன்றுங்கள். ரைசோபியம் பாக்கெட் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்தால் கிடைக்கும். ஒரு டிரம்முக்கு மூன்று விதை, ஒரு அங்குல ஆழம், ஒரு வாரத்துக்குள் முளை தலைகாட்டும், தேறியதில் ஒன்றிரண்டை மட்டும் விடுங்கள். அம்மியே பறக்கும் ஆடிக்காற்றுக்கு இரண்டு இலை நாற்று எம்மாத்திரம்? முளைத்த நாளிலேயே பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் பாருங்கள். நுனி பந்தலைத் தொட்டதும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நாலாகப் பிரியும். அப்புறம் ஒரு விஷயம், ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு நேராக விழும் மூலையைத் தவிருங்கள், இருட்டு குறைந்தால் பூ தாமதமாகும்.

அவரை பூக்கும் வரை பந்தலைச் சும்மா விட வேண்டியதில்லை. அதே ஆடியில் பந்தலின் அடுத்த மூலையில் பீர்க்கு அல்லது புடலை போடுங்கள், புரட்டாசி, ஐப்பசியில் காய்த்து முடித்துவிட்டு அவரைக்கு இடம் விட்டுவிடும். மாடியில் பிஞ்சு வெம்பி உதிர்கிறது என்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல்தான் பூ விரியும், காலையில் போய்ப் பார்த்துப் பயனில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, அடியில் குட்டிக் காய் தெரிகிற பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பாகல் மட்டும் காலை.

மார்கழிப் பனியில் அவரைக்கு வரும் வில்லன் கருப்பு அசுவினி, சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. பூங்கொத்தின் காம்பு தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டு, பிசுபிசுவென்று தேன் விட்டு, எறும்பைக் கூட்டி வரும். காம்பில் எறும்பு வரிசை தெரிந்த அன்றே இலையைத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சமாக இருந்தால் விரலால் நசுக்கித் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், நன்றாகக் கலக்கி வெயில் தாழ்ந்த பின் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே குட்டி முதலை மாதிரி கருப்பும் ஆரஞ்சுமாக ஒன்று ஊர்ந்தால் அதைக் கொன்றுவிடாதீர்கள், பொறிவண்டின் புழு அது, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது.

முதல் பெரிய பறிப்பு பெரும்பாலும் திருவாதிரை, பொங்கலை ஒட்டி வரும். திருவாதிரைக் களிக்குப் போடும் ஏழுகறிக் கூட்டில் அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, பரங்கி எல்லாம் ஒன்றாக விழுவது அந்த மாதத்தில் காய்ப்பதும் கிழங்கு விழுவதும் அவைதான் என்பதால். பிஞ்சாகப் பறித்து, இரண்டு ஓரத்து நாரையும் இழுத்துப்போட்டு, பொடியாக நறுக்கி, மூடி போடாமல் வதக்குங்கள், பச்சை நிறம் மாறாது. முற்றினதைத் தோலுரித்து விதையைக் குழம்பில் போடலாம். காய்ந்த விதை என்றால் ஊற வைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, வேறு தண்ணீரில் நன்றாக வேக வைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும்.

மாசியில் நல்ல திரட்சியான நாலைந்து காயைக் கொடியிலேயே காய விடுங்கள். பங்குனி வெயில் ஏறியதும் கொடியைத் தரையோடு வெட்டுங்கள், வேரைப் பிடுங்க வேண்டாம், அதன் முடிச்சுகளில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கே போகட்டும். அதே டிரம்மில் சித்திரைக்குத் தண்டுக்கீரை தூவலாம். விதையைச் சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, மேலே ரகத்தின் பெயரும் வருஷமும் எழுதி ஒட்டிவிடுங்கள்.