பேஸ்பால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: பந்து ஓடாத நேரத்தில் எதைக் கவனிப்பது?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேஸ்பால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அடிபடுகிற பந்து குறைவு, சும்மா நிற்கிற நேரம் அதிகம், அந்த நேரத்தில் அம்பயர் குனிந்து எதையோ துடைக்கிறார், ஃபீல்டர்கள் தங்களுக்குள் பந்தை வீசிப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏழாவது இன்னிங்ஸில் (மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றின் இரு பாதிகளிலும் அணிகள் மாறி மாறி பேட் செய்யும்) கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று பாடுகிறது. கடைசியில் இந்த ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனதே இந்தச் சின்னச் சின்ன வழக்கங்களால்தான். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று தேடிப் போனால் தூசி, தூரம், வழுக்கல், முதுகுவலி என்று ஏதாவது ஒரு சாதாரணத் தொந்தரவில் போய் நிற்கும். கூடவே ஒரு அழகான கதையும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கதையைத்தான் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு மேட்சை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: முழு மேட்சைப் பாருங்கள்

ஹைலைட்ஸ் வேண்டாம். நாம் தேடுகிற எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத்தான் ஹைலைட்ஸ் தயாரிக்கிறார்கள். ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 2: பந்தின் நிறத்தைப் பாருங்கள்

கேமரா பந்தை அருகில் காட்டும்போது கவனியுங்கள். புதுப் பந்துதான், ஆனால் பளீர் வெள்ளையாக இருக்காது, லேசாக மங்கிப்போயிருக்கும். கிரிக்கெட்டில் பளபளப்பைக் காப்பாற்ற பேன்ட்டில் தேய்த்துத் தேய்த்து சிவப்புக் கறை ஆக்குவோம். இங்கே தலைகீழ், மேட்சுக்கு முன்பே சேற்றைப் பூசி பளபளப்பைப் போக்கிவிடுகிறார்கள். பளபளப்பு போயிருக்கிறதா என்று உறுதி செய்வது அம்பயரின் பொறுப்பு என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் யாங்கீஸ் அணியின் கார்ல் மேஸ் வீசிய பந்து கிளீவ்லாந்து வீரர் ரே சாப்மனின் தலையில் பட்டது, மறுநாள் அவர் இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறி, கறுத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போகிற வரைக்கும் ஓட்டுவார்கள், ஹெல்மெட்டும் கிடையாது. அதற்குப் பிறகு அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றுவது அழுத்தமாக நிலைத்தது. ஆனால் புதுப் பந்து கையில் வழுக்கும். வழுக்குகிற பந்து எங்கே போகும் என்று வீசுகிறவருக்கே தெரியாது, அதுவும் ஆபத்துதான். தண்ணீரில் குழைத்த மைதான மண், ஷூ பாலிஷ், புகையிலைச் சாறு என்று என்னென்னவோ பூசிப் பார்த்தார்கள். தோல் கெட்டுப்போனது, இல்லாவிட்டால் பந்து மறுபடி கறுத்தது.

1938இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் பயிற்சியாளர் லீனா பிளாக்பர்ன் (ஆண்தான், லீனா என்பது பட்டப்பெயர்) நியூஜெர்சி பக்கம் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் இருந்து சேறு எடுத்து வந்தார். பந்தை ரொம்பக் கறுக்க வைக்காமல் பிடிமானம் மட்டும் கொடுத்தது அது. இன்று வரை பெரிய லீகில் (அமெரிக்காவின் உச்ச லீக், மேஜர் லீக்) அந்தச் சேறுதான், எடுக்கிற இடம் எது என்பதும் இன்று வரை ரகசியம்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் இதை ஆராய்ந்து, பூசும்போது முகத்துக்குப் போடுகிற கிரீம் மாதிரி பரவுகிறது, காய்ந்த பிறகு உப்புத்தாள் மாதிரி பிடிக்கிறது என்றார்கள்.

படி 3: முதல் பந்தை யார் வீசுகிறார்?

பிரமுகர் ஒருவர் வந்து சடங்குக்கு ஒரு பந்து வீசிவிட்டுப் போவார். அமெரிக்க அதிபர்களில் தொடங்கிவைத்தவர் டாஃப்ட், 1910 ஏப்ரல் 14, வாஷிங்டன். எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. அங்கே பேட்ஸ்மேன் அந்தப் பந்துக்கு வேண்டுமென்றே மட்டையை வீணாகச் சுழற்றி, படாமல் விட்டுவிடுவார். 1908இல் வசேதா பல்கலைக்கழகத்தை நிறுவிய ஒகுமா ஷிகெனொபு, முன்னாள் பிரதமர், வயதானவர், வீசிய பந்து எங்கோ விலகிப் போனது. பெரியவரின் பந்து தவறான பந்தாகிவிடக் கூடாதே என்று வசேதாவின் மாணவ பேட்ஸ்மேன் மட்டையைச் சுழற்றி அதை ஸ்ட்ரைக் (பேட்ஸ்மேனுக்கு எதிராகக் கணக்காகிற பந்து, மூன்று சேர்ந்தால் அவர் ஸ்ட்ரைக் அவுட்) ஆக்கிவிட்டார். இன்றும் அங்கே அதே மரியாதைதான். ஜப்பான் லீக் மேட்ச் ஏதாவது கிடைத்தால் தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள்.

படி 4: அம்பயரின் வலது கை

ஸ்ட்ரைக் என்றால் கை உயரும். தொடக்கத்தில் வாயால் கத்துவதோடு சரி. கூட்டம் பெருகிய பிறகு தூரத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இது வரைக்கும் தகராறு இல்லை. யார் தொடங்கினார் என்று கேட்டால்தான் சிக்கல்.

இணையத்தில் அதிகம் சுற்றுகிற பதில் வில்லியம் ஹோய். மூன்று வயதில் மூளைக்காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர், 1888 முதல் 1902 வரை பெரிய லீகில் ஆடியவர். அவருக்காகத்தான் அம்பயர்கள் கை காட்டத் தொடங்கினார்கள் என்பது கதை. அவருடைய அணியின் பயிற்சியாளர் மூன்றாவது பேஸ் (ரன் எடுக்க ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) அருகே நின்று அவருக்குக் கை காட்டினார் என்பது சரி. ஆனால் அம்பயர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்று சொல்ல அக்காலப் பத்திரிகைகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பில் கிளெம் என்ற புகழ்பெற்ற அம்பயருக்கு ஹால் ஆஃப் ஃபேம் பட்டயத்திலேயே இந்தப் பெருமையைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் பெரிய லீகுக்கு வந்த அதே 1905இல் சை ரிக்லர் என்பவர் இண்டியானாவின் எவன்ஸ்வில் நகரில், ஒரு சின்ன லீக் மேட்சில், ஸ்ட்ரைக்குக்கு வலது கையை உயர்த்தியதாகச் செய்தி இருக்கிறது. என்னைக் கேட்டால் தேவை எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது, அதனால் பல இடத்தில் பலர் கையைத் தூக்கியிருப்பார்கள்.

படி 5: தாளில் எழுதுங்கள்

இப்போது பென்சிலை எடுங்கள். ஃபீல்டர்களுக்கு எண்: பிட்சர் (பந்து வீசுகிறவர்) 1, கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் இருந்து பிடிக்கிறவர்) 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவர்) 6, வெளியே இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு வீசி அவுட் என்றால் 6-3. ஸ்ட்ரைக் அவுட் என்றால் ஆங்கில எழுத்து கே. அடிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே கே-யைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும்.

ஏன் கே? ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் வைத்தது. எஸ் எழுத்தை வேறொன்றுக்கு ஒதுக்கிவிட்டதால் ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்தார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். நமக்கு இந்த ஸ்கோர் தாள் அவ்வளவு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

படி 6: ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பின் பந்து எங்கே போகிறது?

பேட்டிங் அணியினர் யாரும் பேஸில் இல்லையென்றால் நேராக பிட்சரிடம் போகாது. கேட்சர் மூன்றாவது பேஸுக்கு வீசுவார், அங்கிருந்து உள்வட்டத்தைச் சுற்றிவிட்டு பிட்சரிடம் வரும். சும்மா நிற்கிறவர்களின் கை இறுகிவிடாமல் இருக்கத்தான் இது. ‘ஹார்னைச் சுற்றுவது’ என்பார்கள், கப்பல்கள் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் போன காலத்துச் சொல்.

படி 7: அம்பயர் குனியும்போது

ஹோம் பிளேட்டை (பேட்ஸ்மேன் பக்கத்தில் தரையில் பதித்த தகடு) அம்பயர் கையடக்க பிரஷ்ஷால் துடைப்பார். முன்பு நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் பக்கத்திலேயே கிடக்குமாம். 1904இல் சிகாகோ வீரர் ஜாக் மெக்கார்த்தி அதை மிதித்து கணுக்காலைச் சுளுக்கிக்கொள்ள, லீக் தலைவர் சின்ன பிரஷ்ஷுக்கு மாறச் சொன்னார்.

பிளேட் சுத்தமாகவே இருக்கும்போதும் அம்பயர் மெதுவாகத் துடைக்கிறாரா? சற்று முன் கேட்சருக்குப் பலமாக அடிபட்டிருக்கும். அவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று நேரம் கொடுக்கிறார். அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் எழுந்து, பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், பிட்சரிடம் நடந்துபோய் வருவார். எந்த விதியிலும் இது கிடையாது. இதை முதன்முதலில் நானே கண்டுபிடித்த அன்று வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

படி 8: ஏழாவது இன்னிங்ஸ்

பாதியில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதிபர் டாஃப்ட் கால் வலித்து எழுந்தார், மரியாதைக்காகக் கூட்டமும் எழுந்தது என்பது பிரபலமான கதை, மேலே சொன்ன அதே 1910 மேட்சில் நடந்ததாகவும் சொல்வார்கள். ஆனால் 1869லேயே சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் ஹாரி ரைட் எழுதிய கடிதத்தில், ஏழாவது இன்னிங்ஸின் இரு பாதிகளுக்கு நடுவே பார்வையாளர்கள் எழுந்து கைகாலை நீட்டுகிறார்கள், கெட்டிப் பலகையில் உட்கார்ந்த அலுப்பு தீர்கிறது என்று இருக்கிறது. ரைட்டும் இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் சம்பளத்துக்கு கிரிக்கெட் ஆடியவர்தான்.

படி 9: ஹோம் ரன் அடித்தால் கைகளைப் பாருங்கள்

உயர்த்திய கையில் கை தட்டுவது, ஹை ஃபைவ். 1977 அக்டோபர் 2, லாஸ் ஏஞ்சலஸ், டஸ்டி பேக்கர் அந்த சீசனின் முப்பதாவது ஹோம் ரன்னை அடித்துவிட்டு வர, அடுத்து ஆட இருந்த கிளென் பர்க் கையை உயரத் தூக்கினார், பேக்கர் தட்டினார். முதல் ஹை ஃபைவ் இதுதான் என்பார்கள், ஆனால் அதற்கு வேறு உரிமைக்காரர்களும் உண்டு.

படி 10: இன்று இல்லாத ஒன்றைத் தேடுங்கள்

1950க்கு முந்தைய பழைய மேட்ச் படச்சுருள் ஏதாவது கிடைத்தால் போட்டு, புல்தரையைப் பாருங்கள். அங்கங்கே கிளவுஸ் கிடக்கும். பேட்டிங்குக்கு ஓடும்போது ஃபீல்டர்கள் அவற்றை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள், எதிரணி அவற்றுக்கு நடுவிலேயே ஃபீல்டிங் செய்யும். 1954 சீசனில்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று விதி வந்தது. முதலில் ஏதோ குப்பை என்றுதான் நினைத்தேன்.