குழந்தைக்கு முதல் விமானப் பயணமா?

ஒரு வாரம் முன்பே வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, துண்டை சீட் பெல்ட்டாகக் கட்டி விளையாடிப் பழக்குங்கள். செக்யூரிட்டியில் கரடி பொம்மை எக்ஸ்ரே மெஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்துவிடும் என்றும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அங்கேயே ஒரு கச்சேரி நடக்கும். பெரிய தொல்லை காது அடைப்புதான். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும், தரை தொட சுமார் அரை மணி நேரம் இருக்கும்போதே விமானம் இறங்கத் தொடங்கிவிடுவதால் தூங்கும் குழந்தையை எழுப்பி, கைக்குழந்தை என்றால் பால், கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறக்கும். சளி இருந்தால் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம் டாய்லெட் ஃப்ளஷ் சத்தம், பெரியவர்களையே தூக்கிவாரிப் போடும், காதைப் பொத்தச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். கைப்பையில் பிள்ளைக்கு மாற்றுடை, உங்களுக்கும் ஒரு சட்டை.